வேடிக்கை பார்ப்போரும் உதவுவோரும்: அருகிருப்போர் நடத்தைக்குச் சமூக உளவியல் தரும் விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்க, சூழ நிற்போர் உதவ முன்வராமல் இருப்பதை மனிதநேயம் குன்றியதன் அடையாளமாகக் கொள்வது பொதுவழக்கு. 1968 முதல் வெளிவந்த சமூக உளவியல் ஆய்வுகள் இந்நடத்தையை நிற்போரின் பண்பைக் கொண்டு விளக்காமல், அவர்கள் நிற்கும் சூழலைக் கொண்டு விளக்குகின்றன. அவ்விளக்கத்தின் உட்கூறுகளை எடுத்துரைக்கும் இக்கட்டுரை, ஐயம், பொறுப்புப் பகிர்வு, அச்சம் ஆகிய மூன்றும் வெவ்வேறு காரணங்கள் என்றும், இந்தியச் சாலை விபத்துகளில் மூன்றாவதே முதன்மை பெறுகிறது என்றும் வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: சமூக உளவியல், அருகிருப்போர் விளைவு, பொறுப்புப் பகிர்வு, பன்மை அறியாமை, காரணம் கற்பித்தல், நல்ல சமாரியர் சட்டம்

முன்னுரை

மனிதனின் நடத்தை அவனையும் அவன் சூழலையும் சார்ந்த ஒரு சார்பு என்று குர்ட் லெவின் 1936இல் எழுதினார். பிறர் உண்மையில் உடன் இருப்பதோ, இருப்பதாகக் கற்பனை செய்வதோ, இருப்பதாக உட்கிடையாக உணர்வதோ ஒருவரின் எண்ணம், உணர்வு, செயல் ஆகியவற்றை எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஆராயும் துறையே சமூக உளவியல் என்பது கார்டன் ஆல்போர்ட் தந்த வரையறை. இவ்விரு கருத்துகளும் பாடநூல்களில் முதல் பக்கத்திலேயே இடம்பெறுகின்றன. ஆயினும் அன்றாட வாழ்வில் ஒரு நடத்தையைக் காணும்போது நாம் சூழலைத் தேடுவதில்லை; ஆளைத் தேடுகிறோம். உதவாமல் நிற்கும் கூட்டத்தைப் பற்றிய பேச்சில் இது மிகத் தெளிவாகப் புலப்படும். அதனாலேயே அந்நடத்தை இங்கு ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

தமிழில் இந்நடத்தையைக் குறிக்க 'வேடிக்கை பார்த்தல்' என்னும் வழக்கு உள்ளது. இச்சொல் ஒரு தீர்ப்பையும் உடன் சுமந்து வருகிறது. வேடிக்கை என்பது களிப்புக்குரிய காட்சி. ஆகவே வேடிக்கை பார்ப்பவர் பிறர் துன்பத்தைக் காட்சியாக்கிக்கொள்பவர் என்ற பொருள், விளக்கம் தொடங்கும் முன்னரே சொல்லுக்குள் வந்து அமர்ந்துவிடுகிறது. 'பார்வையாளர் விளைவு' என்னும் மொழிபெயர்ப்பும் அரங்கையும் திரையையும் நினைவூட்டுவதால் இக்குறையிலிருந்து முழுதும் விடுபடவில்லை. ஆகவே நிகழ்விடத்தின் அருகே இருக்க நேர்ந்தவர் என்ற அளவில் நிற்கும் 'அருகிருப்போர்' என்னும் சொல்லையே இக்கட்டுரை கையாள்கிறது.

1964 நிகழ்வும் அதன் கதையும்

1964 மார்ச் 13 அதிகாலையில் நியூயார்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்னும் 28 வயதுப் பெண் தம் குடியிருப்பின் அருகே கத்தியால் தாக்கப்பட்டு உயிரிழந்தார். இரு வாரங்கள் கழித்து, மார்ச் 27 அன்று, நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் முதல் பக்கத்தில் வெளியிட்ட செய்தி இந்நிகழ்வை உலகறியச் செய்தது. மதிப்புக்குரிய குடிமக்கள் 38 பேர் அரை மணி நேரத்துக்கும் மேலாக அக்கொலையைச் சன்னல் வழியே பார்த்தும் ஒருவரும் காவல்துறையை அழைக்கவில்லை என்பது அச்செய்தியின் சாரம். நகரவாழ்வு மனிதரை மரத்துப்போகச் செய்துவிட்டது என்று மதவாணரும் சமூகவியலாரும் எழுதலாயினர். அச்செய்திக்குப் பொறுப்பாயிருந்த ஆசிரியர் ஏ. எம். ரோசன்தால் அதே ஆண்டில் 38 சாட்சிகளைத் தலைப்பாக்கி ஒரு நூலே வெளியிட்டார்.

அச்செய்தி பெரிதும் மிகைப்பட்டது என்பது இன்று நிறுவப்பட்டுள்ளது. 2007இல் ரேச்சல் மேனிங், மார்க் லெவின், ஆலன் காலின்ஸ் ஆகியோர் நீதிமன்ற ஆவணங்களையும் பிற சான்றுகளையும் ஆராய்ந்து, 38 பேர் கொலையைப் பார்த்துக்கொண்டு வாளாவிருந்தனர் என்பதற்கு ஆதாரமில்லை என்று காட்டினர். தாக்குதல் இரு கட்டங்களாக நிகழ்ந்தது. இரண்டாவது தாக்குதல் கட்டடத்தின் பின்புறம், மாடிப்படியின் கீழ், பெரும்பாலோர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடந்தது. முதல் தாக்குதலின்போது ஒருவர் சன்னலிலிருந்து கூச்சலிட, கொலையாளி அப்போதைக்கு விலகிச் சென்றான். அண்டை வீட்டுப் பெண் ஒருவர் இறங்கி ஓடி, உயிர் பிரியும் தறுவாயில் இருந்தவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். அவசர அழைப்புக்கான 911 என்னும் எண் அந்நகரில் 1968இல்தான் நடைமுறைக்கு வந்தது. தன் பழைய செய்தியில் குறைகள் இருந்ததை அந்நாளிதழே 2016இல் ஒப்புக்கொண்டது.

ஒரு பிழையான கதையிலிருந்து ஒரு துறை பிறந்தது என்று இதனை ஏளனமாகக் கூறுவோர் உளர். அது பொருந்தாது. கேள்வியைத் தூண்டியது கதை. விடையைத் தந்தவை ஆய்வுகள். கதை சரிந்தாலும் ஆய்வுத் தரவுகள் சரியவில்லை. எனினும் அக்கதை பாடநூல்களில் வழிவழியாக ஓதப்பட்டதன் விளைவாக, உதவாமை மட்டுமே ஆய்வுக்குரிய புதிர் என்னும் எண்ணம் வேரூன்றிற்று. அவ்விரவில் உதவ முயன்றோர் எவ்வாறு முயன்றனர் என்ற கேள்வியைப் பல்லாண்டுகள் எவரும் எழுப்பவில்லை.

இரு ஆய்வகச் சோதனைகள்

ஜான் டார்லி, பிப் லட்டானே ஆகிய இருவரும் 1968இல் வெளியிட்ட இரு சோதனைகள் பெரும்பாலும் ஒன்றாகச் சேர்த்தே பேசப்படுகின்றன. அவற்றைப் பிரித்துப் படித்தால்தான் அவை சொல்வது விளங்கும்.

முதல் சோதனையில் மாணவர்கள் தனித்தனி அறைகளில் அமர்ந்து, ஒலிவாங்கி வழியே கல்லூரி வாழ்வின் இடர்ப்பாடுகளைப் பற்றி உரையாடினர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. உண்மையில் மற்றவர்களின் குரல்கள் யாவும் முன்பே பதிவு செய்யப்பட்டவை. பேச்சின் நடுவே ஒரு குரல் வலிப்பு வந்து தடுமாறத் தொடங்கும். தாம் ஒருவரே அதைக் கேட்பதாக எண்ணியவர்களில் 85 விழுக்காட்டினர் அவ்வலிப்பு முடிவதற்குள் எழுந்து சென்று தெரிவித்தனர். தம்மைத் தவிர இன்னொருவரும் கேட்பதாக எண்ணியவர்களில் இது 62 விழுக்காடு. மேலும் நால்வர் கேட்பதாக எண்ணியவர்களில் 31 விழுக்காடு. பொறுப்பு பலர் மீது பரவுவதால் ஒவ்வொருவரின் பங்கும் குறைகிறது என்பது ஆய்வாளர் விளக்கம். இதுவே பொறுப்புப் பகிர்வு எனப்படுகிறது.

இரண்டாவது சோதனையில் மாணவர்கள் ஓர் அறையில் வினாத்தாளை நிரப்பிக்கொண்டிருக்க, சுவரிலுள்ள துளை வழியே புகை வரத் தொடங்கும். தனித்திருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் வெளியே சென்று தெரிவித்தனர். ஒன்றுமறியாத மூவர் சேர்ந்து அமர்ந்திருந்தபோது, 38 விழுக்காட்டுக் குழுக்களில் மட்டுமே ஒருவரேனும் தெரிவித்தார். அசையாமல் இருக்கும்படி முன்பே பணிக்கப்பட்ட இருவருடன் ஒருவரை அமர்த்தியபோது தெரிவித்தோர் 10 விழுக்காடு மட்டுமே. மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டும் இருமிக்கொண்டும் வினாத்தாளை நிரப்பினர்.

இவ்விரு முடிவுகளையும் எளிய கணக்கொன்றுக்கு உட்படுத்தலாம். ஒருவர்க்கொருவர் தொடர்பின்றி முடிவெடுக்கின்றனர் எனக் கொண்டால், 31 விழுக்காட்டு வாய்ப்புடைய ஐவர் இருக்குமிடத்தில் ஒருவரேனும் உதவுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 84 விழுக்காடு. இருவர் இருக்குமிடத்தில் அது 86 விழுக்காடு. ஒருவர் மட்டும் இருந்தால் 85. அதாவது, வலிப்பு வந்தவர் நிலையிலிருந்து பார்த்தால், முகம் காணாத கூட்டம் பெருகுவதால் உதவி கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மாறவில்லை. ஒவ்வொருவரின் தயக்கமும் கூடுகிறது. ஆனால் தயங்காத ஒருவர் அங்கே இருப்பதற்கான வாய்ப்பும் உடன் கூடுகிறது. உதவி வந்து சேரும் விரைவு வேறு செய்தி. அது குறையவே செய்கிறது.

புகைச் சோதனையில் கணக்கு முற்றிலும் வேறாகிறது. 75 விழுக்காட்டு வாய்ப்புடைய மூவர் தனித்தனியே முடிவெடுத்தால் ஒருவரேனும் தெரிவிக்கும் வாய்ப்பு 98 விழுக்காடாக இருக்க வேண்டும். கிடைத்ததோ 38. இவ்வீழ்ச்சியைப் பொறுப்புப் பகிர்வு மட்டும் விளக்காது. இங்கு மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டனர் என்பதே வேறுபாடு. என்ன நடக்கிறது என்று தெரியாதபோது நாம் பிறர் முகத்தைப் பார்த்து அறிய முயல்கிறோம். பதற்றத்தை வெளிக்காட்டுவது நாகரிகமன்று என்பதால் நம் முகத்தை அமைதியாக வைத்துக்கொள்கிறோம். பிறரும் அவ்வாறே செய்கின்றனர். ஒவ்வொருவரும் மற்றவரின் செயற்கையான அமைதியை உண்மையான அமைதியாகப் படித்து, 'ஆபத்தில்லை போலும்' என்று முடிவு செய்கின்றனர். உள்ளே அனைவருக்கும் ஐயம். வெளியே ஒருவரிடமும் ஐயத்தின் சாயல் இல்லை. பன்மை அறியாமை என்பது இதுதான். வகுப்பறையில் 'ஐயம் உண்டா?' என்று வினவிவிட்டு மௌனத்தைத் தெளிவு என எண்ணிப் பாடத்தைத் தொடரும் ஆசிரியருக்கு இது அன்றாட அனுபவம்.

கூட்டம் தீங்கு செய்வது பெரும்பாலும் எண்ணிக்கையால் அன்று, முகத்தால் என்பதே இவ்விரு சோதனைகளையும் அருகருகே வைத்தால் கிடைக்கும் செய்தி. பாடநூல்கள் முதல் சோதனையைப் பெரிதாக்கி இரண்டாவதைத் துணைச்சான்றாகச் சுருக்குவது, என் கருத்தில், வலுவான பகுதியை விட்டு எளிதான பகுதியைப் பிடித்துக்கொள்வதாகும்.

மற்றுமொரு நுட்பத்தைக் கூறாமல் விடலாகாது. வலிப்புச் சோதனையில் உதவச் செல்லாதவர்களை ஆய்வாளர் பின்னர் சந்தித்தபோது அவர்கள் அலட்சியமாக இருக்கவில்லை. கைகள் நடுங்கின, உள்ளங்கை வியர்த்திருந்தது, 'அவருக்கு ஒன்றுமில்லையே?' என்று அவர்களே வினவினர். உதவ வேண்டாம் என அவர்கள் முடிவெடுத்திருக்கவில்லை; முடிவெடுக்க இயலாமல் தவித்துக்கொண்டிருந்தனர். மேலும், பிறர் இருப்பதாக எண்ணியது தம்மைப் பாதித்ததா என்று கேட்டபோது இல்லை என்றே விடையளித்தனர். சூழல் நம்மை இயக்குவதை நாமே அறிவதில்லை.

அவசரமும் அடையாளமும்

டார்லியும் டேனியல் பேட்சனும் 1973இல் வெளியிட்ட ஆய்வு பண்பையும் சூழலையும் நேருக்கு நேர் நிறுத்தியது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேர் இதில் பங்கேற்றனர். ஒரு பகுதியினர் விவிலியத்தின் நல்ல சமாரியர் உவமையைப் பற்றியும், மற்றவர்கள் வேலைவாய்ப்பைப் பற்றியும் பேசுவதற்காக அருகிலுள்ள கட்டடத்துக்கு அனுப்பப்பட்டனர். வழியில் ஒருவர் தலைகுனிந்து இருமி முனகிக்கொண்டு கிடந்தார். நேரம் மிகுதியாக இருந்தவர்களில் 63 விழுக்காட்டினரும், மிகவும் அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரும் உதவினர். எதைப் பற்றிப் பேசச் செல்கிறார் என்பதால் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை. அறம் பேசச் செல்பவரும் அவசரத்தில் அறத்தைக் கடந்து செல்கிறார் என்பதில் நகைச்சுவை உண்டு. ஆனால் அவர்களின் அவசரமும் ஒரு கடமையே: அவர்களுக்காக ஆய்வாளர் ஒருவர் காத்திருப்பதாகச் சொல்லப்பட்டிருந்தது.

அடையாளத்தின் பங்கை மார்க் லெவினும் உடனாய்வாளரும் 2005இல் லங்காஸ்டரில் ஆராய்ந்தனர். மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் இரசிகர்கள் எதிரே ஒருவர் இடறி விழுவார். அவர் அதே அணியின் சட்டை அணிந்திருந்தால் பெரும்பாலோர் உதவினர். எதிரணியான லிவர்பூலின் சட்டையோ அடையாளமற்ற சட்டையோ அணிந்திருந்தால் உதவி வெகுவாகக் குறைந்தது. அடுத்த கட்டத்தில், அணியின் இரசிகர் என்பதற்கு மாறாகக் 'கால்பந்து இரசிகர்' என்னும் பரந்த அடையாளம் முன்கூட்டியே நினைவூட்டப்பட்டபோது லிவர்பூல் சட்டைக்காரருக்கும் உதவி கிடைத்தது. சாதாரணச் சட்டைக்காரருக்குக் கிடைக்கவில்லை. 'நம்மவர்' என்னும் எல்லை விரிந்து சுருங்கக்கூடியது. ஆயினும் அதற்கு வெளியே எப்போதும் எவரோ ஒருவர் நிற்கிறார். சாதியும் ஊரும் சட்டை அணியாமலே அறியப்படும் சமூகங்களில் இவ்வெல்லையின் இயக்கம் தனித்த ஆய்வுக்குரியது.

தெருவில் கிடைத்த சான்று

ஆய்வகத்துக்கு வெளியே முதல் எதிர்ச்சான்று 1969இலேயே கிடைத்துவிட்டது. நியூயார்க் சுரங்க இரயிலில் ஊன்றுகோலுடன் ஒருவர் சரிந்து விழும் காட்சியை இர்விங் பிலியாவின் குழுவினர் பலமுறை நிகழ்த்தினர். 95 விழுக்காட்டு முறை அவருக்கு உதவி கிடைத்தது. மது நாற்றத்துடன் விழுந்தவருக்கு 50 விழுக்காடு. பெட்டியில் ஆள் மிகுந்திருந்தது தடையாகவில்லை.

வலுவான சான்று ஐம்பதாண்டுகள் கழித்து வந்தது. ரிச்சர்ட் பில்பாட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் ஆகிய நகரங்களில் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச்சண்டைகளை ஆராய்ந்தனர். பத்தில் ஒன்பது நிகழ்வுகளில் அருகிருப்போரில் ஒருவரேனும் தலையிட்டார். பாதுகாப்பு நிலையில் பெரிதும் வேறுபட்ட அம்மூன்று நகரங்களிலும் இவ்விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. கூட்டம் பெருகப் பெருக ஒருவரேனும் தலையிடும் வாய்ப்பும் பெருகிற்று.

இதனை முந்தைய ஆய்வுகளின் மறுப்பு என்று கொள்வது அவசரமாகும். தெருச்சண்டையில் ஐயத்துக்கு இடமில்லை. என்ன நடக்கிறது என்பது அனைவருக்கும் கண்கூடு. ஐயம் நீங்கிய இடத்தில் பிறர் முகத்தைப் பார்த்து அறிய வேண்டியதில்லை. எஞ்சுவது பொறுப்புப் பகிர்வு மட்டுமே. அது தனித்து நிற்கும்போது உதவியைத் தடுக்கும் வலிமை உடையதன்று என்பதை மேலே கண்ட கணக்கே உணர்த்திற்று. ஆபத்து வெளிப்படையாக உள்ள நிகழ்வுகளில் அருகிருப்போர் விளைவு தளர்கிறது என்று பீட்டர் ஃபிஷர் குழுவினர் 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து கண்ட முடிவும் இதனோடு இயைகிறது.

ஆளைப் பழிப்பதா, சூழலைப் பார்ப்பதா?

பிறர் செயலுக்குச் சூழலைக் குறைத்தும் பண்பை மிகுத்தும் காரணம் கற்பிக்கும் போக்கை லீ ராஸ் 1977இல் அடிப்படைக் கற்பிதப் பிழை என்று பெயரிட்டார். இது மனித இனம் முழுமைக்கும் பொதுவான பிழையா என்னும் ஐயத்தை எழுப்பிய ஆய்வு தென்னிந்தியாவில் நடந்தது. ஜோன் மில்லர் 1984இல் வெளியிட்ட அவ்வாய்வு, மைசூர் இந்துக்களையும் சிகாகோ அமெரிக்கர்களையும் ஒப்பிட்டது. சிறு குழந்தைகளிடையே வேறுபாடு சிறிதே. வயது ஏற ஏற அமெரிக்கர் பண்பையும் மைசூர் மக்கள் சூழலையும் மிகுதியாகச் சுட்டினர். மைசூரில் திரட்டிய நிகழ்வுகளில் ஒன்று ஒரு விபத்து. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் வெடித்து, பின்னால் அமர்ந்திருந்தவர் தலையில் அடிபடுகிறார், ஓட்டிவந்த வழக்கறிஞர் அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத் தம் நீதிமன்றப் பணிக்குச் செல்கிறார், அடிபட்டவர் இறந்துவிடுகிறார். வழக்கறிஞர் பொறுப்பற்றவர் என்று அமெரிக்கர் விளக்க, நீதிமன்றத்தில் இருக்க வேண்டிய அவரது கடமையை இந்தியர் சுட்டினர்.

சூழலைக் கருதும் வழக்கம் இத்துணை இயல்பாக உள்ள நம் சமூகத்திலும், விபத்தின் அருகே நின்ற முகமறியாக் கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'மனிதநேயம் செத்துவிட்டது' என்னும் பண்புவழி விளக்கமே முந்தி வருகிறது. வழக்கறிஞருக்கு ஒரு கடமையும் ஓர் இடமும் உண்டு; கூட்டத்துக்கு அவை இல்லை. சூழல் தெரிந்தவருக்கே சூழல்வழி விளக்கம் வழங்கப்படுகிறது என்று கருத இடமுண்டு.

'நமக்கேன் வம்பு'

அவ்வாறெனில் அக்கூட்டத்தின் சூழல் யாது? சேவ்லைஃப் பவுண்டேஷன் 2013இல் இந்திய அளவில் நடத்திய ஆய்வில், கடுமையாகக் காயமுற்றவருக்கு உதவ முன்வர மாட்டோம் என்ற நிலையில் 74 விழுக்காட்டினர் இருந்தனர். தனியாக இருந்தாலும் பிறருடன் இருந்தாலும் இந்நிலையில் மாற்றமில்லை என்பது அவ்வாய்வின் முதன்மையான குறிப்பு. உதவத் தயங்கியோரில் 88 விழுக்காட்டினர் சொன்ன காரணம் சட்டச் சிக்கல் குறித்த அச்சம்: காவல்துறையின் திரும்பத் திரும்பத் தொடரும் விசாரணை, நீதிமன்ற அலைச்சல். இரத்தம் சிந்திக் கிடப்பவரைப் பற்றி ஐயம் எழ வழியில்லை. தனியாக இருப்பவரும் தயங்குவதால் பொறுப்பு பகிரப்பட்டது என்றும் கூற இயலாது. தமிழர் அன்றாடம் வழங்கும் 'நமக்கேன் வம்பு' என்னும் தொடர் இவ்விடத்தில் சமூக உளவியல் கலைச்சொற்களைவிடத் துல்லியமானது. அது கல்நெஞ்சின் மொழி அன்று. உதவியின் விலையைக் கணக்கிட்டவரின் மொழி.

அக்கணக்கு வெறும் கற்பனையும் அன்று. 1989இல் பரமானந்த கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த செய்தி இது: காரில் அடிபட்ட ஸ்கூட்டர் ஓட்டுநரை ஒருவர் அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார், இத்தகைய வழக்குகளை ஏற்கும் அதிகாரம் பெற்ற, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேறொரு மருத்துவமனைக்குச் செல்லுமாறு திருப்பி அனுப்பப்பட்டார், வழியிலேயே உயிர் பிரிந்தது. உயிரைக் காப்பதே மருத்துவரின் முதற்கடமை, நடைமுறைகள் அதன் பின்னரே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உதவ வந்தவரைப் பாதுகாக்கும் விதிகளுக்கு இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. நடுவண் அரசு 2015 மே மாதத்தில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று அவற்றுக்குக் கட்டாயத்தன்மை அளித்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்துடன் உதவியவர் மீது உரிமையியல், குற்றவியல் நடவடிக்கை எடுக்க இயலாது. பெயரையும் முகவரியையும் கூறுமாறு காவலர் வற்புறுத்த இயலாது. சாட்சியாக இருக்க ஒருவர் தாமே விரும்பினால் மட்டுமே விசாரணை.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கிறது. உரிய நேரத்தில் அழைத்துவந்து உயிர்காக்கத் துணைநின்றவருக்கு ஊக்கத்தொகையும் உண்டு. இவற்றுள் முன்னது உளவியல் நோக்கில் கூடுதல் பொருளுடையது என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு. 'அழைத்துப்போனால் முன்பணம் நாம்தான் கட்ட வேண்டியிருக்குமோ' என்னும் அச்சத்தை அது நீக்குகிறது. ஊக்கத்தொகை உதவிக்குப் பரிசளிக்கிறது. ஆனால் தொகையைப் பெறப் பெயரையும் முகவரியையும் தர வேண்டும். எந்த அச்சத்தைப் போக்கச் சட்டம் வந்ததோ, அவ்வச்சத்தின் வாயிலிலேயே பரிசும் காத்திருக்கிறது.

தமிழில் செய்யத்தக்க கள ஆய்வு ஒன்று இங்கு எஞ்சியுள்ளது. உதவுவோரின் உரிமைகளை இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி ஆகியவற்றில் எழுதி ஒவ்வொரு மருத்துவமனையின் வாயிலிலும் வைக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அவ்வாயிலை அடைந்தவர் ஏற்கெனவே உதவி செய்துவிட்டவர். தயங்கி நிற்பவர் சாலையில் இருக்கிறார். ஒரு மாவட்டத்தின் நெடுஞ்சாலைத் தேநீர்க்கடைகள், ஆட்டோ நிறுத்தங்கள், பேருந்து நிறுத்தங்கள் ஆகியவற்றில் சிலவற்றில் மட்டும் 'உங்கள் பெயரைக் கேட்க மாட்டார்கள்' என்னும் ஒரு வரியை எழுதிவைத்து, அவ்விடங்களில் உள்ளோர் 108க்கு அழைக்கும் விகிதத்தையும் மருத்துவமனைக்கு உடன் செல்லும் விகிதத்தையும் எழுதப்படாத இடங்களோடு ஒப்பிடலாம். முதல் விகிதம் உயராமல் இரண்டாவது மட்டும் உயருமாயின், தடை ஐயமும் பகிர்வும் அன்று, அச்சமே என்பதற்கு நேரடிச் சான்று கிடைக்கும்.